அடுத்த ராக்குக்கு எப்படிப் போறது? – லைப்ரரி அக்கா பதில்கள்

போன மாசம் ஒருத்தர் "ஒரே மாதிரி புக்கையே படிச்சிட்டிருக்கேன், வேற வகைக்கு எப்படி மாறுறது"ன்னு கேட்டிருந்தார். நானும் அவசரத்துல "சும்மா எடுத்துப் படிங்க, தானா வரும்"னு ரெண்டு வரில முடிச்சிட்டேன். அதுக்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல. "22 வருஷம் கிளை நூலகரா இருந்துட்டு இதுதான் பதிலா"ன்னு ஒருத்தர் போஸ்ட் கார்டுலயே கேட்டுட்டார் (போஸ்ட் கார்டு இன்னும் கிடைக்குதான்னு நான் ஆச்சரியப்பட்டது தனிக்கதை). அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க இதே விஷயம்தான்.

அக்கா, கல்யாணம் ஆனதுலேந்து குடும்ப நாவல்தான் படிக்கிறேன், மாசம் நாலஞ்சு முடிச்சிடுவேன். இப்ப மருமக வந்து "வேற ஏதாச்சும் படிங்களேன் அத்தை"ன்னு ஒரு தடி புக்கைக் கொடுத்தா. பத்துப் பக்கத்துல தூக்கம் வந்துடுச்சு. இனிமே எனக்கு மண்டைல ஏறாதா?
— வாசகி, கரூர்

மாசம் நாலஞ்சு நாவல் முடிக்கிறவங்க மண்டைல ஏறாதுன்னா வேற யார் மண்டைல ஏறப்போகுது. மருமக நல்ல மனசோடதான் கொடுத்திருக்கா, ஆனா நீங்க எதுக்காகப் படிக்கிறீங்கன்னு கேக்காம கொடுத்துட்டா, அவ்வளவுதான்.

குடும்ப நாவல்ல உங்களுக்கு எது பிடிக்கும்னு நீங்களே ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எங்க லைப்ரரிக்கு வாராவாரம் ஒரு அம்மா வருவாங்க, நாலு நாவலை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரிச்சுப் பாத்துட்டு ரெண்டை வச்சுடுவாங்க. என்னம்மா பாக்குறீங்கன்னு கேட்டேன். "அடுப்படில பேசுற பேச்சு இருக்கான்னு பாக்குறேன்"னாங்க. காதலும் கிடையாது, கல்யாணமும் கிடையாது, அவங்களுக்கு வேண்டியது ஒரு வீட்டுக்குள்ள நாலு பொம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் சமாளிக்கிற சாமர்த்தியம். அது தெரிஞ்சதும் நான் கொடுத்தது பஷீரோட "பாத்துமாவின் ஆடு", மலையாளத்துலேந்து தமிழுக்கு வந்தது, 1959ல எழுதுனது, ஒல்லியான புக்கு. வைக்கம் பக்கத்துல தலயோலப்பறம்புல இருக்குற தன்னோட சொந்த வீட்டைத்தான் எழுதியிருக்கார். வீடு நிறைய தம்பி, தம்பி பொண்டாட்டி, குழந்தைங்க, எல்லாருக்கும் எழுத்தாளர் அண்ணன்கிட்ட காசு வேணும். தங்கச்சி பாத்துமா தினம் தன் ஆட்டோட வந்து இறங்குறா, அந்த ஆடு கண்டதையும் திங்குது, கடைசில அண்ணன் எழுதுன புத்தகத்தையே தின்னுடுது. ஆட்டுப் பாலுக்கு அந்த வீட்டுப் பொம்பளைங்க நடத்துற உள்குத்து இருக்கே, அதைப் படிச்சுட்டு அந்தம்மா மறுவாரம் வந்து "இவர் எழுதுனது வேற இருக்கா"ன்னு கேட்டாங்க. தான் மொழிபெயர்ப்பு படிச்சோம்னே அவங்களுக்குத் தோணல. நானும் சொல்லல.

ஆட்டோ ஓட்டுறேன். ஸ்டாண்டுல உக்காந்து க்ரைம் நாவல் படிச்சே பல வருஷம் ஓடிடுச்சு. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் எதையும் விட்டதில்ல. கதையில்லாத புக்கு, அதாவது நெஜமா நடந்ததைப் படிக்கணும்னு ஆசை, ஆனா பாடப்புத்தகம் மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்?
— வாசகர், சிவகங்கை

தம்பி, உங்களுக்கு ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்றேன், இப்ப ரிடயர் ஆயிட்டேன் அதனால பயமில்ல. எங்க லைப்ரரில க்ரைம் நாவல் ராக்கு மட்டும் எப்பவும் காலியா கிடக்கும், எல்லாம் வெளில போயிடும். தன்வரலாறு ராக்குல புத்தகமெல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருக்கும். புக்கோட கடைசில தேதிச் சீட்டு ஒட்டியிருப்போம்ல, உ.வே.சா.வோட "என் சரித்திரம்" சீட்டுல நாலே நாலு முத்திரை, அதுல ஒண்ணு நான் எடுத்தது. ஒரு நாள் அந்தத் தலகாணி சைஸ் புக்கைக் கொண்டுபோய் க்ரைம் ராக்குல ரெண்டு மாத நாவலுக்கு நடுவுல சொருகிட்டேன். ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு வந்த அதிகாரி பாத்துட்டு "என்னம்மா இது, வகை தெரியாம அடுக்கியிருக்கீங்க"ன்னு கத்தினார். எங்க தொழிலுக்கே விதி எழுதின சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லயே அஞ்சு விதி சொல்லி வச்சிருக்கார், மூணாவது "ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர்". அதை அவர்கிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, இன்க்ரிமென்ட் ஞாபகம் வந்து மூடிக்கிட்டேன்.

ஆனா நான் தெரியாம அடுக்கல. அது துப்பறியும் கதைதான் தம்பி. 1880ல கும்பகோணத்துக்கு சேலம் இராமசாமி முதலியார்னு ஒரு முன்சீப் மாத்தலாகி வர்றார். காலேஜ்ல தமிழ் சொல்லிக் கொடுக்கிற இளைஞர் உ.வே.சா. அவரைப் பாக்கப் போறார். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்குறார் முன்சீப். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்குறார், அவர் முகத்துல ஒரு சலனமும் இல்ல. எல்லாம் சொல்லி முடிச்சப்புறம் அவர் கேக்குறார், இதெல்லாம் பிற்காலத்து நூல், இதுக்கெல்லாம் மூலமான பழைய நூல் படிச்சிருக்கீங்களா, சிந்தாமணி தெரியுமா, சிலப்பதிகாரம்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட வருஷக்கணக்கா படிச்சவருக்கு அந்தப் புக்கையெல்லாம் பாத்த பழக்கமே இல்ல. கேஸ் அங்க ஆரம்பிக்குது. கையில சீவகசிந்தாமணி, அர்த்தம் சொல்ல ஆள் இல்ல, அது சமண நூல்னு தெரிஞ்சதும் கும்பகோணத்துல இருந்த சமணர்கள் வீடு தேடிப் போய் கேக்குறார். இதைச் சாட்சி விசாரணைன்னு சொல்லாம என்னன்னு சொல்றது? ஊர் ஊரா சுவடி தேடுறார், ஒரு பிரதில இருக்குற வரி இன்னொண்ணுல இல்ல, எது அசல் எது கைப்பிழைன்னு ஒப்பிட்டுப் பாக்குறார், சில வீட்ல கரையான் முந்திக்கிட்டிருக்கு. 1887ல சிந்தாமணி அச்சுல வருது, அப்புறம் 1892ல சிலப்பதிகாரம், 94ல புறநானூறு.

இது 1940லேந்து அவர் கடைசிக் காலம் வரைக்கும் ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, அதனால அத்தியாயம் எல்லாம் சின்னச் சின்னது, ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் நடுவுல ஒண்ணு முடிச்சிடலாம். முதல் பக்கத்துலேந்துதான் ஆரம்பிக்கணும்னு சட்டம் இல்ல. ஊர், வம்சம், பாட்டனார் எல்லாம் முதல்ல வரும், உங்களுக்கு அங்கயே கொட்டாவி வந்துடும். நேரா முதலியார் வர்ற அத்தியாயத்துக்குப் போங்க. கேஸ் பிடிச்சுப்போச்சுன்னா இந்த ஆள் யாரு எங்கேந்து வந்தார்னு தெரிஞ்சுக்கத் தோணும்ல, அப்ப முதல் பக்கத்துக்கு வாங்க. நான் சொருகி வச்ச அந்தக் காப்பில மறுவருஷம் முத்திரை போட இடமில்லாம புதுச் சீட்டு ஒட்டினேன். ஒருத்தர் மட்டும் "க்ரைம்னு நெனச்சு எடுத்து ஏமாந்துட்டேன்"னு கோவமா திருப்பிக் கொடுத்தார், அதையும் சொல்லிடணும்.

பேய்க்கதை படிக்க ஆசை. படிச்சா ராத்திரி பாத்ரூம் போகப் பயம். வழி சொல்லுங்க.
— கல்லூரி மாணவி, ஓசூர்

பகல்ல படிம்மா. புதுமைப்பித்தனோட "காஞ்சனை", 1943ல வந்தது, அரை மணி நேரத்துல முடிஞ்சுடும். வீட்டுக்கு ஒரு வேலைக்காரி வர்றா, அதுக்கப்புறம் என்னமோ சரியில்ல. பேய் இருக்கா இல்லையான்னு கடைசி வரைக்கும் அந்தாளு சொல்ல மாட்டார், அதுதான் வம்பே. பாத்ரூம் பிரச்சினைக்கு நான் பொறுப்பில்ல.

ஐ.டி.ல வேலை. தமிழ் ஆர்வத்துல குறுந்தொகை உரையோட வாங்கிட்டேன். ஆபீஸ் பஸ்ல தினம் இருபது பாட்டுன்னு டார்கெட் வச்சுப் படிச்சேன். ஒண்ணும் ஒட்டல, எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு, யாரோ யாருக்காகவோ ஏங்குறாங்க. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின கடுப்பு திரும்ப வந்ததுதான் மிச்சம்.
— வாசகர், சென்னை

டார்கெட்! அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன், அதனால சிரிக்க எனக்கு உரிமை இல்ல. பழக்க தோஷத்துல தொடர்கதை வேகத்துலயே பாட்டையும் படிச்சேன், கண்ணு வழுக்கிட்டே போகும், அடுத்து என்ன அடுத்து என்னன்னு. பாட்டுல அடுத்துன்னு ஒண்ணு கிடையாதே, இருக்குறதே அஞ்சு வரி. புது வகை புக்கு ஒட்டலேன்னு சொல்றவங்க நிறைய பேர்கிட்ட நான் பாத்தது இதுதான், வாகனம் மாறிடுச்சு, இவங்க இன்னும் பழைய கியர்லயே ஓட்டிட்டு இருப்பாங்க. அப்புறம் புக்கு சரியில்லன்னு ஒரு கட்சி, எனக்கு அறிவு இல்லன்னு ஒரு கட்சி.

குறுந்தொகைல 401 பாட்டு, பெரும்பாலும் நாலு வரிலேந்து எட்டு வரிக்குள்ள. தினம் ஒண்ணு போதும், அதுவும் பஸ்ல வேண்டாம், காலைல டீ கையில இருக்குறப்ப. முதல்ல பாட்டைப் படிக்காதீங்க, அதுக்குக் கீழயோ மேலயோ "தலைவி கூற்று", "தோழி கூற்று"ன்னு ஒரு வரி போட்டிருக்கும், யார் யார்கிட்ட எந்த நேரத்துல சொன்னதுன்னு. அதை முதல்ல படிங்க. அது தெரியாம பாட்டைப் படிக்கிறது, யாரோ போன்ல பேசுறதை பக்கத்துல நின்னு ஒரு பக்கம் மட்டும் கேக்குற மாதிரி, அதான் எல்லாம் ஒரே ஏக்கமா கேக்குது உங்களுக்கு.

நாப்பதாவது பாட்டையே எடுங்க, சினிமாப் பாட்டெல்லாம் கேட்டு உங்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும். என் அம்மாவும் உன் அம்மாவும் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் என்ன உறவு, நீயும் நானும் எப்படித் தெரிஞ்சோம், ஆனா செம்மண்ணுல விழுந்த மழைத் தண்ணி மாதிரி மனசு ரெண்டும் கலந்துடுச்சு. இதைக் காதல் கடுதாசி மாதிரி படிச்சுட்டு நகர்ந்துடுவோம். கூற்று என்னன்னு பாருங்க: சேர்ந்து இருந்துட்டு, இவன் நம்மள விட்டுட்டுப் போயிடுவானோன்னு அவ பயப்படுறா, அந்தப் பயத்தைப் பாத்துட்டு அவன் சொல்றது இது. இப்ப திரும்பப் படிங்க. அழகா இருந்த பாட்டு இப்ப ஒரு வாக்குறுதியா மாறிடுதா? செம்மண்ணுல விழுந்த தண்ணியைத் திரும்பப் பிரிக்க முடியாதுங்கறதைத்தான் அவன் சத்தியம் பண்றான். எழுதினவர் பேரே தெரியாம, அந்த உவமையை வச்சே அவருக்குச் செம்புலப்பெயனீரார்னு பேர் வச்சுட்டாங்க.

ஒரு பாட்டுக்கு மூணு நிமிஷம். 401 நாள். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. உங்க ஆபீஸ்ல இதைவிட நீளமான ப்ராஜெக்ட் பாத்திருப்பீங்க.

என் வீட்டுக்காரருக்கு 48 வயசு. இன்னும் காமிக்ஸ் வாங்குறார். பசங்க படிக்கிறதில்ல, இவர்தான் படிக்கிறார். விருந்தாளி வந்தா டேபிள்லேந்து எடுத்து ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு.
— வாசகி, விருதுநகர்

ஒளிக்காதீங்கம்மா, உங்க ஊருக்குப் பக்கத்துல சிவகாசிலேந்துதான் அது வருது, ஊர்ப் பெருமை. 1972ல முத்து காமிக்ஸ் முதல் இதழா இரும்புக்கை மாயாவி வந்தப்ப அதைப் படிச்சு வளர்ந்த பசங்க இன்னைக்குத் தாத்தா. 84ல லயன் காமிக்ஸ் வந்துச்சு, டெக்ஸ் வில்லர்னு இத்தாலிக்காரங்க கௌபாய் கதையெல்லாம் நம்ம ஊர்ல தமிழ் பேசிட்டுத் திரியுது.

நீங்களும் ஒண்ணு எடுத்துப் பாருங்க, ஆனா ஒரு விஷயம். பழக்கமில்லாதவங்க காமிக்ஸ் படிச்சா பலூன்ல இருக்குற வசனத்தை மட்டும் படிச்சுட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிடுவாங்க, பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு "இவ்வளவுதானா"ன்னு கேப்பாங்க. நான் அப்படித்தான் கேட்டேன், ஒரு எட்டாங்கிளாஸ் பையன் என்னைத் திருத்தினான். "மேடம் இந்தக் கட்டத்துல யாருமே பேசல, ஏன்னு பாருங்க"ன்னு விரலை வச்சுக் காட்டினான். பாத்தா மூலையில கதவு கொஞ்சம் திறந்திருக்கு. நான் அதைப் பாக்காமயே தாண்டிப் போயிருந்தேன்.

ரஷ்ய நாவல் ஆரம்பிச்சா பேர்லயே செத்துடுறேன். ஒரே ஆளுக்கு மூணு பேர். இதுக்கு என்ன மருந்து?
— வாசகர், கோயம்புத்தூர்

நம்ம வீட்ல சுப்பிரமணியன்னு பேர் வச்சுட்டு அம்மா சுப்புன்னும், ஃப்ரெண்டு மணின்னும், ஆபீஸ்ல இனிஷியலோடவும் கூப்பிடுறப்ப குழம்பாம இருக்கோம்ல, அதேதான். அங்க சொந்தப் பேர், அப்பா பேரோட வால், குடும்பப் பேர்னு மூணு துண்டு, அதுக்கு மேல செல்லப்பேர். அலெக்ஸேய்னா அல்யோஷா, திமீத்ரினா மீத்யா. அப்பா பேர் சேத்துக் கூப்பிட்டா மரியாதை, செல்லப்பேர்னா நெருக்கம். அதனால பேர் மாறுனா எரிச்சலாகாதீங்க, யார் யார்கிட்ட எவ்வளவு ஒட்டுன்னு அங்க துப்பு கொடுக்குறாங்கன்னு எடுத்துக்கங்க. ஒரு துண்டுப் பேப்பர்ல பேரெல்லாம் எழுதி புக்மார்க்கா வச்சுக்கங்க, அம்பது பக்கத்துக்கப்புறம் தேவைப்படாது.

எடுத்த எடுப்புல ஆயிரம் பக்கத்துக்குப் போகாதீங்க. தஸ்தயேவ்ஸ்கியோட "வெண்ணிற இரவுகள்" ரா. கிருஷ்ணையா தமிழ்ல இருக்கு, ஆளே ரெண்டு பேருதான் முக்கியம், அதுல கதை சொல்றவனுக்குப் பேரே கிடையாது, உங்க வியாதிக்கு அளந்து செஞ்ச மாதிரி. இல்ல ஐத்மாத்தவோட "ஜமீலா", அது கிர்கிஸ்தான் கிராமம், பேரெல்லாம் வேற தினுசு. மாஸ்கோவுல அச்சாகி இங்க நியூ செஞ்சுரி கடைல சல்லிசா வித்த அந்தக் கெட்டி அட்டைப் பதிப்பு பழைய புத்தகக் கடைல மாட்டுச்சுன்னா விடாதீங்க.

புடிக்கலேன்னா எத்தனை பக்கத்துல விடலாம்?
— வாசகர், திண்டுக்கல்

அமெரிக்காவுல நான்சி பேர்ல்னு ஒரு நூலகர் சொன்ன கணக்கு: 50 பக்கம். உங்களுக்கு வயசு 50க்கு மேலன்னா 100லேந்து வயசைக் கழிச்சா எவ்வளவோ அவ்வளவு பக்கம் போதும். 70 வயசுக்காரர் 30 பக்கத்துல தூக்கிப் போடலாம், நேரம் கம்மில்ல. ஒரு சேர்க்கை என் பங்குக்கு: விட்ட புக்கை வித்துடாதீங்க. நான் பாதில விட்டதுல சிலதை பத்து வருஷம் கழிச்சு எடுத்து ஒரே மூச்சுல முடிச்சிருக்கேன்.

எனக்கு 68. பொன்னியின் செல்வன் ஆறாவது தடவை ஓடிட்டிருக்கு. நான் எதுக்குங்க வேற ராக்குக்குப் போகணும்? ஏன் எல்லாரும் நிம்மதியா படிக்கிறவனைத் தொந்தரவு பண்றீங்க?
— வாசகர், சிதம்பரம்

போகவே வேண்டாம் ஐயா, ஏழாவது தடவையும் படிங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரைல குதிரை வர்றதை, அந்த ஏரிக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு படிக்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது, நானா இருந்தா உங்களுக்கு முன்னாடி எட்டு தடவை முடிச்சிருப்பேன்.

தொந்தரவு இல்ல, சும்மா காதுல போட்டு வைக்கிறேன். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேந்து காவேரியோடவே பயணம் பண்ணி "நடந்தாய் வாழி காவேரி"ன்னு எழுதியிருக்காங்க, உங்க நாவல்ல ஓடுற அதே தண்ணி. அப்புறம் புதுச்சேரில பிரெஞ்சு கவர்னர் டூப்ளே துரைக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்த்துச் சொல்ற ஆளா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேந்து 1761 வரைக்கும் எழுதின நாட்குறிப்பு. அது யாரும் படிக்கணும்னு எழுதினது இல்ல, கப்பல் வந்துது, இன்னார் வந்தார், இன்ன பேச்சு நடந்துதுன்னு போகும், பாஷை கரடுமுரடு. தொடர்ச்சியா படிச்சா மூச்சு முட்டும், ஏதோ ஒரு நாளைப் பிரிச்சு அந்த ஒரு நாளை மட்டும் படிக்கணும். ஆறாவது ரவுண்டு முடிச்சுட்டு, தோணுச்சுன்னா.

எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க இன்னும் தொடாத ராக்கு எது?
— வாசகி, தஞ்சாவூர்

நாடகம். கேட்டுட்டீங்க, ஒத்துக்கிறேன். 22 வருஷம் நாடக ராக்கைத் தூசி தட்டினதோட சரி. பக்கம் முழுக்க பேரு, பக்கத்துல வசனம், நடுவுல பிறைக்குறில "எழுந்து நிற்கிறான்", இதுல எங்கடா கதைன்னு ஒரு அலுப்பு.

இந்திரா பார்த்தசாரதியோட "ஔரங்கசீப்" மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் முதல் காட்சில விட்டேன். போன மாசம் என் வீட்டுக்காரர்தான் சொன்னார், மத்தவங்களுக்கு மட்டும் கியர் மாத்தச் சொல்றியே, இது கண்ணால படிக்கிறதே இல்லடி, வாயால படிக்கிறதுன்னு. அதனால இப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் பாத்திரம் பிரிச்சுக்கிட்டு சத்தமா படிக்கிறோம். அவர் ஷாஜஹான், நான் ஜஹனாராவும் ரோஷனாராவும், ரெண்டு அக்கா தங்கச்சியையும் ஒரே ஆள் பண்றதால தொண்டையை மாத்தி மாத்திப் பேச வேண்டியிருக்கு. ஔரங்கசீப்புக்கு ஆள் இல்லாம இருந்துச்சு. ரெண்டு நாளா மேல் வீட்டு அம்மா "இங்க என்னங்க சண்டை"ன்னு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. மூணாவது நாள் அவங்களையே உக்கார வச்சு புக்கைக் கையில கொடுத்துட்டோம்.